வேல்ஸ் வேளாண் கண்காட்சியின் இளம் தூதராகப் பணியாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

வேல்ஸில் ராயல் வெல்ஷ் கண்காட்சி தொடங்கிக் கவுண்டி எனப்படும் மாவட்ட அளவிலான கண்காட்சிகள் வரை பலவும் இளைஞர் ஒருவரைத் தம் தூதராகத் தேர்ந்தெடுக்கின்றன. பரிசளிப்பது, விருந்தினரை வரவேற்பது, நிதி திரட்டுவது, பண்ணைக்கு வெளியே வாழ்பவர்களிடம் வேளாண்மையைப் பற்றிப் பேசுவது ஆகியவை அவருடைய வேலைகள். புதிதாக வருபவர்கள் இவற்றைப் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள்: முதலில் உடை, அடுத்து மேடைப்பேச்சு, எல்லாம் முடிந்தபின் உழவர்கள். உழவர்களை அறியாமல் எழுதிய பேச்சில் சொல்வதற்கு எதுவும் இருக்காது. உழவர்களின் ஆண்டை அறியாமல் குறித்த நிதி நிகழ்ச்சிக்கு ஆள் வராது. எனவே கீழே உள்ள படிகளை அவை சொல்லப்பட்ட வரிசையிலேயே செய்யுங்கள்.

1. பொறுப்பின் எல்லையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்

தூதர் என்ற பெயர் ஒன்றுதான் என்றாலும், வேலை கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும். ஒன்றிரண்டு நாள் நடக்கும் கவுண்டி கண்காட்சியில் அது பரிசளிப்பு, விருந்தோம்பல், சில பள்ளிகளுக்குச் சென்று வருதல் என்ற அளவில் நின்றுவிடலாம்.

பொவிஸ் பகுதியில் உள்ள லானெல்வெத் திடலில் ஜூலை மாதம் திங்கள் முதல் வியாழன் வரை நடக்கும் ராயல் வெல்ஷ் கண்காட்சியில் நிலைமை வேறு. அங்கே ஒவ்வோர் ஆண்டும் ஒரு கவுண்டி முறைவைத்துப் புரவலர் பொறுப்பை ஏற்கிறது. 2024இல் கெரெதிகியான் ஏற்றது. அந்தக் கவுண்டியிலிருந்தே அவ்வாண்டின் தலைவரும் தூதரும் வருகிறார்கள். கவுண்டிக் குழுவோடு சேர்ந்து அவர்கள் திரட்டும் பணம் கண்காட்சியை நடத்தும் சங்கத்துக்குச் செல்வதால், தூதரின் ஆண்டு முழுவதும் நிதி திரட்டலைச் சுற்றியே அமைகிறது.

ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன்பே கண்காட்சிச் செயலாளரிடம் ஐந்து கேள்விகளுக்கு எழுத்தில் விடை கேளுங்கள். வயது வரம்பு என்ன? அந்தக் கவுண்டியில் வசிக்க வேண்டுமா? பொறுப்பு எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது? பயணச் செலவையும் உடைச் செலவையும் யார் ஏற்கிறார்கள்? செய்தியாளர்களிடம் பேசுமுன் யாருடைய ஒப்புதல் வேண்டும்? இவற்றுள் நான்காவது கேள்வியைக் கேட்கத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள். ஆனால் நாட்டுப்புறத்தில் பேருந்து அரிது. மாலை நேரக் கூட்டங்களுக்கு ஆண்டு முழுவதும் சொந்தக் காரில் போய்வர வேண்டியிருப்பதால், எரிபொருள் செலவு சிறிய தொகையாக இராது.

2. நாட்காட்டியை உழவர்களின் ஆண்டைக் கொண்டு நிரப்புங்கள்

விட முடியாத நாட்களை முதலில் குறியுங்கள். ராயல் வெல்ஷ் சங்கத்துக்கு ஜூலைக் கண்காட்சியோடு, மே மாதத்தில் வசந்த விழாவும் நவம்பர் இறுதியில் குளிர்காலக் கண்காட்சியும் உண்டு. வேலையில் இருப்பவர்கள் இந்த நாட்களுக்கான விடுப்பை ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். ஜூலைக் கண்காட்சிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக் கேளுங்கள். அன்று திடலைச் சுற்றிப் பார்க்காதவர் திங்கட்கிழமை முழுவதும் வழி விசாரித்துக்கொண்டே இருப்பார்.

அடுத்து, நிகழ்ச்சி வைக்கக் கூடாத காலங்களை அடையாளமிடுங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆடுகள் ஈனுகின்றன. மலைப்பண்ணைகளில் அது ஏப்ரல் இறுதி வரை நீளும். அப்போது செம்மறி வளர்ப்போர் இரவிலும் தொழுவத்தில்தான் இருப்பார்கள். மே மாதத்தில், புளிக்க வைத்துச் சேமிக்கும் தீவனமான சைலேஜுக்கான முதல் புல்லறுப்பு தொடங்கும். அதன் நாளை வானிலைதான் முடிவு செய்யும். ஜூனில் கம்பளி கத்தரிப்பு. செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஆட்டு விற்பனைகள். அக்டோபர் இறுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரையும், ஜனவரி, பிப்ரவரி மாதங்களும் நிகழ்ச்சிகளுக்கு ஏற்றவை.

நாளைப் போலவே நேரமும் முக்கியம். பால்பண்ணையில் மாலைக் கறவை முடிந்து, குளித்து, உடை மாற்றி வர மணி ஏழரை ஆகிவிடும். ஆறு மணிக்குத் தொடங்கும் நிகழ்ச்சி பால்பண்ணைக் குடும்பங்களை வெளியே நிறுத்திவிடுகிறது.

3. விண்ணப்பமும் நேர்காணலும்

நல்ல விண்ணப்பம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். உங்கள் கவுண்டியின் வேளாண்மையோடு உங்களுக்குள்ள தொடர்பு, இதற்கு முன் ஏற்று முடித்த பொறுப்புகள், தூதராகச் செய்ய விரும்பும் ஏதாவது ஒரு திட்டம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். திட்டத்தைக் குறிப்பாகச் சொல்லுங்கள். ‘இளைஞர்களை ஊக்குவிப்பேன்’ என்று எழுதினால் நேர்காணல் குழுவுக்குக் கேட்க ஒன்றும் இராது. ‘நகரப் பள்ளிகள் நான்கிலிருந்து மாணவர்களை அழைத்துச் சென்று கறவையைக் காட்டுவேன்’ என்று எழுதினால் உரையாடல் அங்கிருந்தே தொடங்கிவிடும்.

பண்ணைக் குடும்பத்தில் பிறக்காதவர்கள் இளம் உழவர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் முன்பே சேர்ந்திருப்பது பெரிதும் உதவும். வேல்ஸில் 10 முதல் 28 வயது வரை அதில் உறுப்பினராகலாம். அங்கு நடக்கும் கால்நடை மதிப்பீட்டுப் பயிற்சியில் ஏ, பி, எக்ஸ், ஒய் எனக் குறியிட்ட நான்கு விலங்குகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்கான காரணத்தை நடுவர் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். விலங்கைப் பார்க்கவும் கூட்டத்துக்கு அஞ்சாமல் பேசவும் ஒருசேரக் கற்றுத்தரும் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

4. பேச்சு எழுதுவதற்கு முன் பண்ணைகளுக்குப் போங்கள்

தேர்வானதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. உங்கள் கவுண்டியில் ஒரு மலைச் செம்மறிப் பண்ணை, ஒரு பால்பண்ணை, ஓர் இறைச்சி மாட்டுப் பண்ணை ஆகியவற்றையாவது பாருங்கள். பெம்புரோக்‌ஷயர் போன்ற இடமென்றால் முன்பருவ உருளைக்கிழங்கு பயிரிடும் நிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பண்ணையிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த ஆண்டு உங்களுக்குக் கடினமாக இருந்தது எது? அந்த விடைகள்தான் பின்னாளில் உங்கள் பேச்சாகும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரும்பிழை, ஒரே நாளில் மூன்று பண்ணைகளுக்கு ஒரே காலணியோடு போவது. நோய்கள் சேற்றிலும் சாணத்திலும் ஏறி அடுத்த பண்ணைக்குப் போகும். 2001இல் கோமாரி நோயால் ராயல் வெல்ஷ் கண்காட்சியே நடக்கவில்லை. அந்த ஆண்டைக் கடந்து வந்தவர்கள் உங்கள் காலணியைத்தான் முதலில் பார்ப்பார்கள். வாளி, தூரிகை, கிருமிநாசினி மூன்றையும் காரிலேயே வைத்திருந்து, பண்ணைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் காலணியைக் கழுவுங்கள்.

மாட்டுக் காசநோயைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். வேல்ஸின் மாட்டு மந்தைகள் அனைத்தும் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்படுகின்றன. நோய் தென்பட்டால் மாடு வெட்டுக்குப் போகும், மந்தையின் நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு வரும். தாத்தா காலத்து மரபில் வந்த பசுவை இழந்தவரிடம் ‘ஏன் தொழுவம் காலியாக இருக்கிறது?’ என்று கேட்பது, எண்ணாமல் செய்தாலும், காயத்தைக் கீறுவதாகும். அவரே சொன்னால் கேளுங்கள். கேட்டதை வேறெங்கும் சொல்லாதீர்கள்.

பெயர்களையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள். ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் போன்ற குடும்பப்பெயர்கள் வேல்ஸில் மிகப் பரவலாக இருப்பதால், நாட்டுப்புறத்தில் ஒருவரைப் பண்ணையின் பெயரால்தான் அடையாளம் சொல்வார்கள். குறிப்பேட்டில் ஆளின் பெயர், பண்ணையின் பெயர், வளர்க்கும் இனம் என்று மூன்று பத்திகள் போடுங்கள். களத்தில் பரிசு தரும்போது ‘வாழ்த்துகள்’ என்பதோடு பண்ணையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் அந்த முகம் மலர்வதைக் காண்பீர்கள்.

5. வெல்ஷ் மொழியில் தேவையான அளவு

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் மூன்று வயதுக்கு மேற்பட்டோரில் 17.8 விழுக்காட்டினர் வெல்ஷ் பேசுகிறார்கள். வேளாண்மை, வனம், மீன்பிடித் தொழில்களில் இருப்போரிடையே இந்த விழுக்காடு ஏறத்தாழ 43. கண்காட்சியில் நீங்கள் சந்திக்கப்போவது இந்த இரண்டாவது கூட்டத்தை. மொழி தெரியாது என்பதற்காகத் தயங்க வேண்டாம். ஆனால் அதைக் கற்காமல் இருக்கவும் கூடாது.

காலை வணக்கத்துக்கு ‘போரெ டா’, வரவேற்புக்கு ‘க்ரோய்சோ’, நன்றிக்கு ‘டியோல்ஹ் அன் வவுர்’, வாழ்த்துக்கு ‘லோன்கவார்ஹ்யாடை’ என்ற நான்கில் தொடங்குங்கள். லானெல்வெத் போன்ற ஊர்ப்பெயர்களின் முதல் ஒலிக்கு, நாக்கை ‘ல்’ ஒலிக்கும் இடத்திலேயே வைத்து, குரலெழுப்பாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட வேண்டும். காகிதத்தைப் பார்த்துப் பழகாமல், வெல்ஷ் பேசும் ஒருவர் முன் பழகுங்கள். மேடைப்பேச்சின் முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி ஒரு வாக்கியத்தையும் வெல்ஷில் சொன்னால் போதும். புரியாத மொழியில் முழுப் பத்தியை மனப்பாடமாக ஒப்பிப்பதைவிட அது நேர்மையானது.

6. நிதி திரட்டல்

முதலில் கண்காட்சிச் சங்கத்தின் பொருளாளரைச் சந்தியுங்கள், பிறகு நிகழ்ச்சியை யோசியுங்கள். எந்த வங்கிக் கணக்கில் பணம் சேர வேண்டும், ரசீதுகளை யார் வைத்திருக்க வேண்டும், காப்பீடு எதுவரை பொருந்தும் என்பவை தெரியாமல் மண்டபத்தைப் பதிவு செய்யக் கூடாது. உங்கள் சொந்தக் கணக்கில் ஒரு பவுண்டும் விழ விடாதீர்கள். ரொக்கத்தை நிகழ்ச்சி முடிந்த இரவே, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும். யாரையும் ஐயப்பட்டு இதைச் சொல்லவில்லை. எண்ணிக்கையில் தவறு நேர்ந்தால் அது ஒருவர் தலையில் விழாமல் காக்கும் ஏற்பாடு இது.

என்ன நிகழ்ச்சி என்பதில் என் பரிந்துரை வாக்குறுதி ஏலம். உழவர்களும் கைவினைஞர்களும் பணத்துக்குப் பதிலாக வேலையை நன்கொடையாகத் தருவார்கள்: ஒரு நாள் வேலிச்செடி வெட்டுதல், ஒரு சுமை விறகு, இரண்டு மணி நேர நாய்ப் பழக்கல், எட்டுப் பேருக்கு வீட்டு விருந்து. உள்ளூர்க் கால்நடைச் சந்தையின் ஏலக்காரரை அழைத்து வந்தால் கூடத்தில் இருப்பவர்களை அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். யார் எதை வாங்கக்கூடும் என்பதும் தெரிந்திருக்கும். செலவு மண்டபத்துக்கும் தேநீருக்கும் மட்டுமே. டிராக்டர் ஊர்வலமும் கூட்டம் சேர்க்கும். ஆனால் பாதை, காவல்துறைக்குத் தகவல், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் என முன்னேற்பாடுகள் மிகுதி. முதல் நிகழ்ச்சியாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சட்டத்தில் பலர் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

முதலாவது குலுக்கல் சீட்டு. நிகழ்ச்சி நடக்கும் இடத்திலேயே விற்கும் சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. அதே சீட்டை வாரக்கணக்கில் முன்கூட்டியே பொதுமக்களிடம் விற்பதாக இருந்தால், சங்கம் உள்ளூராட்சி மன்றத்தில் சிறு குலுக்கல் நடத்துபவராகப் பதிந்திருக்க வேண்டும். சங்கத்தின் பெயர், விலை, பொறுப்பாளர் விவரம், குலுக்கல் தேதி ஆகியவை சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். அச்சகத்துக்குப் போகுமுன் சங்கத்தின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது மதுபானம். உரிமமில்லாத மண்டபத்திலோ பண்ணைக் கொட்டகையிலோ விற்பதானால், உள்ளூராட்சி மன்றத்துக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்பைக் குறைந்தது 10 வேலைநாட்களுக்கு முன்பே அனுப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் 21 பவுண்டு. பணியாளர்களையும் சேர்த்து ஒரே நேரத்தில் 499 பேருக்கு மேல் கூடக் கூடாது. வேலைநாள் என்றால் சனி, ஞாயிறு, விடுமுறைகள் கணக்கில் வாரா என்பதை நினைவில் கொள்ளுங்கள். கிறிஸ்துமஸை ஒட்டிய நிகழ்ச்சிகள் தடைபடுவது இதனால்தான்.

மூன்றாவது வரிச்சலுகை. வரி செலுத்துபவர் தரும் தூய நன்கொடைக்கு, ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் வீதம் அறநிறுவனம் அரசிடமிருந்து கூடுதலாகப் பெறலாம். குலுக்கல் சீட்டுக்குத் தந்த பணம் நன்கொடை ஆகாது. ஆகவே அந்தப் பணத்தை நன்கொடைப் படிவத்தில் எழுதக் கூடாது. மேசையில் இரண்டு பெட்டிகளைத் தனித்தனியே வைத்தால் இந்தக் குழப்பமே எழாது.

7. பொதுமக்களிடமும் பள்ளிகளிலும் பேசுதல்

பள்ளிக்குப் போகும்போது தொட்டுப் பார்க்கக் கூடிய பொருளைக் கொண்டு செல்லுங்கள்: கத்தரித்த கம்பளி ஒன்று, பார்லிக் கதிர், ஆட்டின் காதில் மாட்டும் அடையாளத் துண்டு. படக்காட்சியை மறந்துவிடும் குழந்தைகள், கம்பளியில் உள்ள எண்ணெய் விரலில் ஒட்டியதை மறப்பதில்லை.

பண்ணைக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்றால் கை கழுவுதலை நிகழ்ச்சி நிரலிலேயே சேருங்கள். மாடு, ஆடுகளின் சாணத்தில் இருக்கக்கூடிய ஈ. கோலை ஓ157 கிருமி சிறுவர்களின் சிறுநீரகத்தையே கெடுக்க வல்லது. ஓடும் நீரும் சோப்பும் வேண்டும். கையில் தடவும் ஜெல் இதற்கு மாற்றாகாது. கருவுற்ற பெண்கள் ஈனும் ஆடுகளின் அருகே போகக் கூடாது என்பதை ஆசிரியர்களிடம் முன்பே எழுத்தில் தெரிவியுங்கள்.

அரசியல் கேள்விகள் கட்டாயம் வரும். 2024 மார்ச்சில் கார்டிஃப் நகரில், வேல்ஸ் நாடாளுமன்றமாகிய செனெத்தின் படிகளில், அரசின் புதிய மானியத் திட்டத்தால் போய்விடக்கூடும் எனக் கணிக்கப்பட்ட வேலைகளைக் குறிக்க 5,500 இணை ரப்பர் காலணிகளை உழவர்கள் வரிசையாக வைத்தார்கள். அந்தச் சினம் கண்காட்சித் திடலுக்குள்ளும் இருக்கும். அமைச்சர்களும் அங்கே வருவார்கள். தூதர் இரு தரப்பையும் வரவேற்க வேண்டியவர். ‘உழவர்கள் என்னிடம் சொன்னது இது’ என்று பண்ணைகளில் கேட்டதை உள்ளபடி சொல்லுங்கள். எந்தக் கட்சி செய்தது சரி என்று தீர்ப்பளிக்காதீர்கள். நான்காம் படியில் சேர்த்த குறிப்புகள் இங்குதான் கைகொடுக்கும்.

இன்னொன்றுக்கும் ஆயத்தமாக இருங்கள். பொறுப்பில் இருப்பவர் என்று நம்பி, சிலர் தங்கள் மனச்சுமையை உங்களிடம் இறக்கி வைப்பார்கள். தனிமையும் கடனும் உழவர்களை எவ்வளவு அழுத்துகின்றன என்பது அப்போதுதான் தெரியும். ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வேல்ஸில் உழவர்களுக்கெனவே டிபிஜே அறக்கட்டளையும் டிர் டெவியும் உதவித் தொலைபேசி நடத்துகின்றன; அவற்றின் எண்கள் அச்சிட்ட அட்டைகளை எப்போதும் பையில் வைத்திருந்து, கையில் கொடுங்கள்.

8. கண்காட்சி வாரம்

உடையைப் பற்றி இப்போது யோசித்தால் போதும். ராயல் வெல்ஷ் தொடங்கிய 2022 ஜூலை 18 அன்று வேல்ஸின் ஹவார்டனில் வெப்பம் 37.1 பாகை செல்சியஸைத் தொட்டது. வேறு ஆண்டுகளில் அதே வாரத்தில் சேறு கணுக்கால் வரை வரும். இரண்டுக்கும் ஏற்ற உடை வேண்டும். குதிகால் உயர்ந்த காலணி புல்லில் புதையும். தொப்பி அணிந்தால் தலையில் ஊசியால் இறுக்குங்கள். களத்தில் பறக்கும் தொப்பி குதிரையை மிரட்டும். தோளில் குறுக்காக அணியும் பட்டையை இடுப்பருகே ஊக்கால் குத்திவிடுங்கள். அன்றைய நிரலைக் காகிதத்தில் வைத்திருங்கள். கூட்டம் பெருகினால் கைப்பேசி இணைப்பு நம்பத்தக்கதாக இராது.

களத்தில் அதன் பொறுப்பாளரான ஸ்டீவர்டின் சொல்லே முடிவு. அவர் காட்டும் இடத்தில் நின்று, நடுவர் முடிவை அறிவித்து விலகிய பிறகே முன்னே செல்லுங்கள். விலங்கை நேர்முன்னிருந்தும் அணுகாதீர்கள், பின்னாலிருந்தும் அணுகாதீர்கள். அது உங்களைப் பார்க்கும்படி தோள்பக்கமாக வந்து, ரிப்பனை நடத்துபவரின் கையில் கொடுங்கள். குதிரையின் கடிவாளத்தில் நீங்களே கட்ட முயல வேண்டாம். செம்மறியைத் தாடையில் பிடித்திருப்பவருக்கு இரு கைகளும் ஓயாது. அவர் ஒரு கையை நீட்டும் வரை காத்திருங்கள். பிரிட்டனில் முதல் பரிசுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள். அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நீலத்தை முதலில் நீட்டிவிடுகிறார்கள். ஆகவே களத்துக்குள் நுழையுமுன் ரிப்பன்களைக் கையில் வரிசையாக அடுக்கிக்கொள்ளுங்கள். நான்காவதாக வந்தவருக்கும் முதல்வருக்குச் சொன்ன அதே சொற்களைச் சொல்லுங்கள். அவரும் விடியுமுன் எழுந்து விலங்கைக் குளிப்பாட்டி வந்தவர்தான்.

புதன்கிழமை நிரலில் இடைவெளி விடுங்கள். அன்றுதான் வெல்ஷ் காப் என்னும் குதிரை இனத்தின் பொலிகுதிரைகள் முதன்மைக் களத்துக்கு வருகின்றன. வேல்ஸ் இளவரசர் ஜார்ஜ் கோப்பைக்கான போட்டியின்போது பார்வையாளர் மேடை நிறைந்து வழியும். அந்த நேரத்துக்கு வேறொரு சந்திப்பை ஒப்புக்கொண்டால், கூட்டத்தைத் தாண்டி நீங்களும் போக முடியாது, விருந்தினரும் வர முடியாது. வெல்ஷ் குதிரைகளில் ஏ, பி, சி, டி என்ற நான்கு பிரிவுகள் உண்டு. ஏ என்பது சிறிய மலைக்குதிரை, டி என்பது காப். இந்த வேறுபாட்டையாவது அறியாமல் குதிரைக்காரர்களிடம் பேசத் தொடங்காதீர்கள்.

படம் பகிரும்போது முடிவு அதிகாரபூர்வமாக வந்த பின்னரே பகிருங்கள்; பண்ணைப் பெயரையும் இனத்தையும் சரிபாருங்கள். பெற்றோரின் ஒப்புதலின்றிக் குழந்தைகளின் முகத்தைப் பதிவிடக் கூடாது. இரவில் அருகிலுள்ள பில்த் வெல்ஸ் நகருக்கோ இளைஞர்கள் தங்கும் முகாமுக்கோ போய்வருவதானால், வை ஆற்றங்கரைக் குறுக்குவழியைத் தவிர்த்து, இதற்கென ஏற்படுத்தப்பட்ட பச்சை வழியில் துணையோடு செல்லுங்கள். உங்களைவிட இளையவர்கள் உங்களைப் பார்த்துத்தான் வழியைத் தேர்வார்கள்.

9. கண்காட்சிக்குப் பிறகு

நன்றிக் கடிதங்களை இரண்டு வாரத்துக்குள் கையால் எழுதுங்கள். ஆடுகளைப் பராமரித்தவர், தேநீர் ஊற்றியவர், ஏலத்தில் விறகு தந்தவர் ஆகியோர் பட்டியலின் மேற்பகுதியில் இருக்கட்டும். பெரிய நிறுவனங்களுக்குச் சங்கமே எழுதும்.

கணக்கை ரசீதுகளோடு பொருளாளரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அதன்பின் அடுத்த தூதருக்கான கோப்பைத் தொகுக்கத் தொடங்கலாம். ஒவ்வொரு நிகழ்ச்சியின் வரவும் செலவும், உதவியவர்களின் பெயரும் பண்ணையும், தாமதமான அனுமதிகள், கூட்டம் வராத நாளும் அதன் காரணமும் அதில் இருக்க வேண்டும். பண்ணைகளில் உங்களை நம்பிச் சொல்லப்பட்ட சொந்தச் செய்திகளை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். கோப்பைத் தபாலில் அனுப்பிவிடாமல், முதல் பண்ணைப் பயணத்துக்குப் புதியவரோடு நீங்களும் சென்று, உங்களை அறிந்த உழவர்களிடம் அவரை நேரில் அறிமுகப்படுத்துங்கள்.